கடைசியாய் வந்தவர்

1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் நாள் தோக்கியோ ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓட்டம் நிகழ்ந்தது. மொத்தம் 25 சுற்று. அமெரிக்கரான பில்லி மில்ஸ் 28 நிமிடம் 24.4 செக்கனில் முதல்வரானார். நம் நாட்டு ரணதுங்க கருணானந்தாவோ அவருக்கு நான்கு சுற்றுக்கு மேல் பிந்தியிருந்தார். பலர் இடையிலே விலகினர்; அவர் விலகினாரல்லர். ஏனையோர் யாவரும் முடித்த பின் தன்னந்தனியே ஓடினார். முதலில் நகைத்த கூட்டம், அவர் மீண்டும் மீண்டும் சுற்றி வரக்கண்டு வாய்மூடிற்று; ஈற்றிற் கைகொட்டி ஆரவாரித்தது. யப்பானியர் பின்னர் இந்நிகழ்ச்சியைத் தம் சிறாரின் பாடநூலிலே சேர்த்தனர்.

சில ஆண்டுகளின் முன் பேலியகொடையில் ஒரு மாணவர் போட்டி கண்டேன். 1,500 மீற்றர் ஓட்டத்திற் கடைசியாய் வந்த சிறுவனுக்கு இன்னும் ஒரு சுற்று இருந்தது. அடுத்த போட்டிக்கு நேரமாயிற்றென்று அவனைத் தடத்தினின்றும் விலக்கிவிட்டனர். அவன் அழவில்லை; சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போனான். நானும் போட்டி நடத்தியவன். வெயிலும் நிகழ்ச்சி நிரலும் படுத்தும் பாட்டை அறிவேன். ஆயினும் ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம் போதுமே!

விழாக் காணும் இவ்வாண்டில், நம் பழைய மாணவர் சிலர் விளையாட்டுப் போட்டிக்குப் புதிய கிண்ணமொன்று வழங்கவிருப்பதாகக் கேள்வி. நன்று. கிண்ணத்தோடு அவ்விரண்டு நிமிடத்தையும் பெற்றுத் தருவாராக. கடைசி மாணவன் கோட்டைத் தாண்டும்வரை அடுத்த போட்டியைத் தொடங்கற்க; அவன் பெயரும் நேரமும் ஏட்டில் ஏறுக.