கோவும் போவும்

‘கோ’ என்னும் ஆங்கில வினையின் இறந்தகாலம் ‘வென்ட்’ என்றானது ஏன் என்று குருசுக்குப்பத்துச் சிறுவன் ஒருவன் வகுப்பிலே கேட்பானாயின், ‘அஃது அப்படித்தான், நெட்டுருப் போடு’ என்பதே பெரும்பாலும் அவன் பெறும் விடை. அவன் கேட்டதோ நல்ல வினா.

பழைய ஆங்கிலத்தில் ‘கான்’ என்பதே செல்லுதலைக் குறித்த வினை. செருமானியர் கேயன் என்பதும் ஆலந்தர் கான் என்பதும் அதன் உடன்பிறப்புகள். அதற்கு அன்றிருந்த இறந்தகாலம் ‘ஏயொதெ’ என்னும் வேறொரு சொல். திரும்பு எனப் பொருள்படும் ‘வெண்டு’ என்றொரு வினை இருந்தது. அதன் இறந்தகாலமே ‘வென்ட்’. ஏறத்தாழப் பதினைந்தாம் நூற்றாண்டில் அது ‘ஏயொதெ’யைத் துரத்திவிட்டு ‘கோ’வினிடம் குடிபுகுந்தது. பறிகொடுத்த ‘வெண்டு’ பின்னர் ‘வெண்டெட்’ என்று புதிதாக ஒன்றைச் செய்துகொண்டது. பிரெஞ்சிலோ செல்லுதலைக் குறிக்கும் ஒரே வினைக்கு மூன்று வேர்கள். நான் போகிறேன் என்பதற்கு ‘வே’. நாம் போகிறோம் என்பதற்கு ‘அலோன்’. நான் போவேன் என்பதற்கு ‘இரே’. முதலும் மூன்றாவதும் இலத்தீனத்தின் வெவ்வேறு வினைகள். நடுவிலுள்ளதன் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இன்றும் வழக்குண்டு.

இது குற்றமன்று. மிகுதியாகப் புழங்கும் வினைகள் பல மொழிகளில் இவ்வாறு ஒட்டுப் போட்டுக்கொள்கின்றன. ஆயினும் நம் ‘போ’வைப் பாருங்கள். போகிறான், போனான், போவான். மூன்று காலத்துக்கும் வேர் ஒன்றே. மலையாளத்துப் போகுக, தெலுங்கின் போவு, பழங்கன்னடத்துப் போகு எல்லாம் அதன் கிளைகள். பழங்கன்னடப் பகரம் இற்றைக் கன்னடத்தில் மூச்சொலியாகத் திரிந்தது. ‘கோ’வும் ‘போ’வும் செவிக்கு ஒத்திருத்தலால் ஒன்றென்று மகிழ்வார் நம்மிலும் உளர். முறையான ஒலித்திரிபு காட்டாமல் உறவு கொண்டாடுதல் ஆய்வாகாது. தமிழின் பெருமைக்கு அத்தகைய முட்டுக்கொடுப்பும் வேண்டுவதில்லை.

‘செல்’லின் வளமோ பெரிது. செலவு என்றால் வழிச்செல்லுதல். கைப்பொருள் செல்லுதலும் செலவே. செல்லாக் காசு என்கிறோம். தரவும் வரவும் தன்மை முன்னிலைக்கும், செலவும் கொடையும் படர்க்கைக்கும் உரியன எனத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வரையறுத்தார். ‘உன் வீட்டுக்கு வருகிறேன்’ என்று இன்றும் நாம் சொல்வது அவ்வரையறைப்படியே. கடலுக்குப் புறப்படுவோன் இல்லத்தாரிடம் ‘போகிறேன்’ என்பானா? ‘போய்வருகிறேன்’ என்றல்லவா சொல்வான்! அலையறிந்த குப்பத்திலே அச்சொல்லின் பொருளை விளக்கவும் வேண்டுமோ?

இவ்வினைகள்தாம் இன்று கைநழுவுகின்றன. ‘வண்டியை மூவ் பண்ணு’, ‘நேற்று ட்ராவல் பண்ணினோம்’ என்பதே தெருவழக்காகிவிட்டது. அயற்பெயர் கலப்பதனினும் இது கேடானது. வினை போய்ப் ‘பண்ணு’ மட்டும் எஞ்சுகிறது. குருசுக்குப்பத்தின் பெயரிலுள்ள குருசே போர்த்துக்கீசியம் தந்ததுதான். நம் கட்டுமரத்தை ஆங்கிலரும் கொண்டுபோயினர். பெயர்கள் கப்பலேறி வரும், போகும். 1066-இல் நார்மானியர் வென்ற பின்னர் ஆங்கிலம் பிரெஞ்சுச் சொற்களில் மூழ்கியது. ‘ட்ராவல்’ என்பதே வருந்தியுழைத்தலைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததுதான். அத்தகைய வெள்ளத்திலும் கோ, கம், ரன், வாக் ஆகியவற்றை ஆங்கிலர் விட்டாரில்லை. 1674 முதல் 1954 வரை, ஆலந்தரும் ஆங்கிலரும் பிடித்துவைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக, பிரெஞ்சியர் ஆண்ட புதுச்சேரியிலும் மீனவன் ‘போ’வை மாற்றிக்கொள்ளவில்லை. அவ்வாட்சி அகன்ற பின்னர், எவரும் வற்புறுத்தாமலே நாம் மாற்றுகிறோம்.

மேனிலை வகுப்பில் மதிப்பெண்ணை எண்ணித் தமிழை விட்டுப் பிரெஞ்சைத் தேர்ந்துகொள்ளும் பிள்ளைகள் புதுவையில் பலர். பிரெஞ்சு கற்பதை யாரும் தடுக்கவில்லை. ‘வே, வா, வா’ என்று ஒப்பிக்கும் அப்பிள்ளைக்கு ‘ஏகினான்’ என்றால் என்னவென்று தெரியவில்லையே! பெற்றோர் இதனைப் பள்ளியிற் கேட்கவேண்டும். ஆசிரியன்மார்க்கும் ஒரு வேண்டுகோள்: ‘கோ, வென்ட்’ நடத்தும் அன்று கரும்பலகையின் மறுபாதியில் போ, செல், ஏகு, நட, இயங்கு, ஊர் என எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொடர் பிள்ளைகளையே சொல்லச் செய்யுங்கள். கால் மணி நேரம் போதும்.