மின்னுற புரதத்துக்கு ஆன்டிபாடி எதுக்கு?

ஜிஎஃப்பிதான் தானாவே பச்சையா மின்னுதே, அதைக் கண்டுபிடிக்க ஆன்டிபாடி எதுக்குங்க? பயோடெக் படிக்கிறவங்களே இப்படிக் கேட்கிறாங்க. தப்பு அவங்க மேல இல்லை. ஜெல்லிமீன் படம் ஒண்ணு, 2008 நோபல், ஷிமோமுரா, சால்ஃபி, சியன்னு மூணு பேரு... பாடம் முடிஞ்சுது!

ஜிஎஃப்பி ஒளிரணும்னா அதோட 238 அமினோ அமிலங்களும் பீப்பாய் மாதிரி சரியா மடிஞ்சு நிக்கணும். வெஸ்டர்ன் பிளாட்டுக்காக எஸ்டிஎஸ் ஊத்திக் கொதிக்க வெச்சா பீப்பாய் பிரிஞ்சிடும், வெளிச்சம் காலி. மெத்தனால்ல செல்லைப் பதப்படுத்தினாலும் மங்கிப் போகும். புரதம் அங்கேயேதான் இருக்கு, கண்ணுக்குத்தான் தெரியலை. அப்போ கைகொடுக்கிறது ஆன்டிபாடி. அது வெளிச்சத்தைத் தேடாது, புரதத்தையே பிடிக்கும்.

இதுலயும் ஒரு வில்லங்கம். மஞ்சள் ஒய்எஃப்பி, நீலம் சிஎஃப்பி ரெண்டும் ஜிஎஃப்பியில சில அமினோ அமிலங்களை மாத்தினதுதான். அதனால சாதாரண ஜிஎஃப்பி ஆன்டிபாடி மூணையும் ஒண்ணாப் பிடிச்சுக்கும். பவள இனத்துல இருந்து வந்த எம்செர்ரியை மட்டும் கண்டுக்காது. ஜிஎஃப்பி இல்லாத செல்லையும் பக்கத்துலயே ஓட்டிப் பார்க்காம "பேண்ட் வந்துடுச்சு"ன்னு குதிக்கிறது வெட்டி வேலை.

வயித்தெரிச்சல் எதுலன்னா, காசுல. இந்த மரபணுவை 1992ல குளோன் பண்ணின டக்ளஸ் பிராஷர், சால்ஃபிக்கும் சியனுக்கும் அதை அனுப்பி வெச்சார். அப்படிக் கைமாறிப் பரவின புரதத்துக்கு, இன்னைக்கு மைக்ரோலிட்டர் கணக்குல வெளிநாட்டு ஆன்டிபாடியை ஐஸ்ல வெச்சு வரவழைக்கணும். முயல்ல எடுத்த பாலிகுளோனல்னா அடுத்த குப்பி வேற முயலோடதா இருக்கலாம், முன்ன மாதிரியே வேலை செய்யும்னு உத்தரவாதம் கிடையாது.

மாற்று இல்லையா? இருக்கே! லேசான சங்கிலியே இல்லாத ஆன்டிபாடிகள் ஒட்டகத்துக்கு உண்டுன்னு 1993ல பெல்ஜியத்துல கண்டுபிடிச்சாங்க. அதோட நுனித்துண்டுதான் நானோபாடி. முழு ஆன்டிபாடியில பத்துல ஒரு பங்கு எடைதான். ஜிஎஃப்பியைப் பிடிக்கிற நானோபாடி 2006ல ஜெர்மனியில இருந்து வந்துச்சு. அதோட பிளாஸ்மிட்டை ஆட்ஜீன்ங்கிற லாபநோக்கில்லாத அமைப்பு ஆய்வகங்களுக்குக் கொடுக்குது. ஈ.கோலையில போட்டா அதுவே தயாரிச்சுக் கொடுக்கும்.

இதுக்கு பெங்களூர் ஆய்வகம்தான் வேணுமா? தருமபுரியிலயோ அரூர்லயோ ஒரு கல்லூரியில ஷேக்கர், ஆட்டோகிளேவ், சென்ட்ரிஃபியூஜ், நிக்கல் காலம் இருந்தாப் போதும். மூணு மணி நேரம் பஸ் ஏறிப் போய் அடுத்தவங்க குப்பியில ரெண்டு சொட்டுக் கேட்டு நிக்க வேண்டாம். உயிரிப் பாதுகாப்புக் குழு வேணும்பாங்க. சரி, அமைக்கட்டும்!

"கொதிக்க வெச்ச ஜிஎஃப்பியை நானோபாடி பிடிக்காதே"ன்னு ஒருத்தர் கேட்பார். நியாயம்தான். இது மடிஞ்ச உருவத்தைத்தான் பிடிக்கும், வெஸ்டர்னுக்குப் பழைய ஆன்டிபாடியைத்தான் வாங்கணும். ஆனா செல்லுல இருந்து புரதத்தை இழுத்தெடுக்கிற புல்டவுனுக்கும் வாங்கணுமா என்ன? பிளாஸ்மிட் ஒரு தடவை வந்தாப் போதும். சாதாரண ஃப்ரீசர்ல கிடக்கும், ராத்திரி கரண்ட் போனாலும் கெடாது.