நாம் திட்டுவதுதான் அவர்களுக்குச் சம்பளம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பெற்றோர்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது.

பிள்ளைகள் போனே கதி என்று கிடக்கிறார்கள், கெட்ட வார்த்தை பேசுகிறவன் பின்னாலேயே போகிறார்கள், பைக்கில் வீலிங் செய்கிறவனை ‘அண்ணன்’ என்று கொண்டாடுகிறார்கள் என்று பள்ளிக்கூட வாசலிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஓயாமல் குறைபட்டுக்கொள்கிறோம். குறை நியாயமானதுதான். ஆனால் அந்த ஆட்களின் வீடியோவைக் குடும்பக் குழுவில் முதலில் போட்டது யார்? ‘இந்த அநியாயத்தைப் பாருங்க’ என்று மேலே ஒரு வரி எழுதி, நாலு குழுவுக்கு அனுப்பி வைத்தது யார்? பெரும்பாலும் நாம்தான். அப்பாக்கள், அம்மாக்கள், மாமாக்கள், சித்திகள்.

வேண்டுமென்றே வம்பு இழுத்துப் பேர் வாங்குவது இன்று ஒரு தொழில். திட்டு வாங்குவதற்கென்றே பேசுகிறார்கள், திட்டு வாங்குவதற்கென்றே ஆடுகிறார்கள். அந்தத் தொழிலுக்கு முதலாளி, பார்வையாளர், விளம்பர ஏஜெண்டு எல்லாமே நாமாக இருக்கிறோம். இதை நாம் உணர்ந்த மாதிரியே தெரியவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். 2018 ஜனவரி 7. மார்கழி 23-ஆம் நாள். குகையில் உறங்கிய சிங்கம் எழுந்து நடந்து வருவதைச் சொல்லும் திருப்பாவைப் பாசுரத்துக்குரிய நாள். அன்று ராஜபாளையத்தில் தினமணி நடத்திய கூட்டத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். மறுநாள் அது பத்திரிகையில் அச்சானது. நீளமான அந்தக் கட்டுரையில், வெளிநாட்டு ஆய்வு ஒன்றிலிருந்து எடுத்துக்காட்டியதாக அவர் சொன்ன ஒரு வாக்கியம் பற்றிக்கொண்டது. அவர் வருத்தம் தெரிவித்தார், பத்திரிகையும் தெரிவித்தது. தீ அணையவில்லை. ராஜபாளையம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜீயர் உண்ணாவிரதம் இருந்தார். மேடைகளில் வசவு பறந்தது. நாக்கை அறுத்தால் கோடிகளில் பரிசு என்றுகூடப் பேசப்பட்டது.

யார் என்ன நோக்கத்தோடு பேசினார்கள், யார் சொன்னது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. பக்தி உள்ளவர்களுக்கு அந்த வாக்கியம் எவ்வளவு வலித்தது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது வேறு. அந்த மாதம் நம் போன்களில் எது ஓடியது? கட்டுரையை முழுக்கப் படித்தவர்கள் நம் தெருவில் எத்தனை பேர்? நாச்சியார் திருமொழியை எடுத்துப் புரட்டிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? ஓடியதெல்லாம் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம் வெட்டிய துண்டுகள். அதிலும் எந்தத் துண்டில் வசவு அதிகமோ அதுதான் அதிக தூரம் போனது. ஆண்டாளின் மானத்துக்காகப் பேசுகிறோம் என்று சொல்லி நாம் அனுப்பிய சில பேச்சுகளில், வீட்டில் பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்க முடியாத வார்த்தைகள் இருந்தன. எதிர்ப்பக்கம் நின்றவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஜீயர் சோடா பாட்டில் வீசத் தெரியும் என்று சொல்லப்போக, அதை வெட்டி, ஒட்டி, மீம் ஆக்கி, அவர் வருத்தம் தெரிவித்த பிறகும் விடாமல் சுற்ற விட்டார்கள்.

அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று மீசை அரும்பும் வயதில் நிற்கிறார்கள். கொடுமை என்னவென்றால், மார்கழியில் திருப்பாவைப் போட்டிக்கு முப்பது பாட்டையும் மனப்பாடம் செய்துவைத்த பிள்ளைகள் அவர்கள். முப்பதையும் தப்பில்லாமல் சொன்ன பிள்ளைக்கு ஒரு சில்வர் டம்ளரும் கைதட்டலும் கிடைத்தன. வாய்க்கு வந்ததைப் பேசியவருக்கு அந்த வாரம் முழுக்க டி.வி. கிடைத்தது. பிள்ளைகள் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதைச் செய்தால் ஊர் திரும்பிப் பார்க்கும் என்பதை நாம் வாயைத் திறந்து சொல்லிக்கொடுக்கவில்லை. நம் கட்டைவிரல் சொல்லிக்கொடுத்தது.

கொஞ்ச நாளைக்கு முன்னால் ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இதைக் கண்ணால் பார்த்தேன். சாப்பாட்டுக்கு இடம் கிடைக்கக் காத்திருந்தோம். பக்கத்தில் ஒரு அப்பா. வேட்டி சட்டை, பார்த்தாலே பொறுப்பானவர் என்று தெரியும். போனில் ஒரு ரீல்ஸ், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கேவலமாக ஏசிக்கொள்கிறார்கள். “நாசமாப் போறவங்க, இவங்களையெல்லாம் உள்ள தூக்கி வைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே முழுசாகப் பார்த்தார். மச்சினர் வந்தார், அவருக்காக மறுபடி ஓடவிட்டார். பிறகு கமெண்ட் பகுதிக்குப் போய், கோபமாக நாலு வரி டைப் செய்தார். ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். “கமெண்ட் போடாதீங்கப்பா, திட்டினாத்தான் அவனுக்கு வியூஸ் ஏறும். அதுக்குத்தான் அப்படிப் பேசுறான்” என்றான். அப்பா சிரித்தார். “விவரமான பயல்” என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். கமெண்டையும் அனுப்பிவிட்டார்.

அந்தப் பையன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. யூடியூபில் விளம்பரப் பணம் வர வேண்டுமானால் 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அதோடு 12 மாதத்தில் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், இல்லையென்றால் 90 நாளில் ஷார்ட்ஸ் 1 கோடி முறை ஓடியிருக்க வேண்டும். அந்த 4,000 மணி நேரத்தில் ரசித்துப் பார்த்த நேரம் எவ்வளவு, காறித் துப்பிக்கொண்டே பார்த்த நேரம் எவ்வளவு என்று யாரும் பிரித்துக் கணக்கெழுதுவதில்லை. டிஸ்லைக் போட்டுவிட்டேன் என்று திருப்திப்படுகிறவர்களுக்கு ஒரு சேதி: 2021 நவம்பரிலிருந்து அந்த எண்ணிக்கையைப் பார்வையாளர் கண்ணில் படாமல் யூடியூப் மறைத்துவிட்டது. பேஸ்புக் இன்னும் ஒரு படி மேலே போனது. 2017-இல், கோப முகம் உட்பட எமோஜிகளுக்கு ஒரு சாதாரண லைக்கைவிட ஐந்து மடங்கு எடை கொடுத்தே எதை யாருக்குக் காட்டலாம் என்று முடிவு செய்தது. நீங்கள் சிவந்த முகத்தை அழுத்தியபோதெல்லாம், இதை இன்னும் பத்துப் பேருக்குக் காட்டு என்று சிபாரிசு செய்திருக்கிறீர்கள்.

இதில் எவ்வளவு திட்டம் போட்டு இறங்குகிறார்கள் என்பதற்கு 2021 ஜனவரியில் சென்னையில் நடந்தது போதும். கடற்கரையில் பெண்களிடம் பேட்டி என்ற பெயரில் ஆபாசப் பேச்சுகளை வெளியிட்டு வந்த ஒரு யூடியூப் சேனலைச் சேர்ந்த மூன்று பேரைப் போலீஸ் கைது செய்தது. தற்செயலாகப் பேச வந்தவர் போலத் தோன்றிய பெண், முன்கூட்டியே சொல்லிக்கொடுத்துப் பேசவைத்தார்கள் என்று சொன்னார். அந்த வீடியோவைப் பார்த்து, ‘இந்தக் காலத்துப் பெண்களே இப்படித்தான்’ என்று நம்மில் எத்தனை பேர் தலையில் அடித்துக்கொண்டோம், எத்தனை பேர் அதை வைத்து வீட்டுப் பெண் பிள்ளைகளை ஏசினோம்! அதே ஆண்டு ஜூனில், பப்ஜி விளையாடிக்கொண்டே பெண்களைக் காது கூசும் வார்த்தைகளால் ஏசி, அதை லட்சக்கணக்கானவர்களுக்கு ஒளிபரப்பிய மதன் என்பவர் தருமபுரியில் கைதானார். ஊரடங்குக் காலம் அது. ஆன்லைன் வகுப்புக்கு என்று நாம் வாங்கிக்கொடுத்த போனில்தான் பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஊரைத் திரும்பிப் பார்க்க வைக்கச் சாவைக்கூட விட்டுவைப்பதில்லை. 2024 பிப்ரவரி 2 அன்று நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய பக்கத்திலேயே அறிவிப்பு வந்தது. மறுநாள் அவரே உயிரோடு வந்து, விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்றார். அந்த நோயோடு போராடும் வீடுகளில் அந்த ஒரு நாள் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

கோர்ட்டும் சட்டமும் பார்த்துக்கொள்ளும் என்று உட்கார்ந்திருக்க முடியாது. நம் மாவட்டத்து வழக்குகள் போகிற உயர் நீதிமன்ற மதுரைக் கிளைதான் 2019 ஏப்ரல் 3-ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது; அந்த மாதமே தடை நீங்கியது. அடுத்த ஆண்டு ஜூனில் மத்திய அரசே மொத்தமாகத் தடை செய்தது. என்ன ஆயிற்று? அதே ஆட்கள், அதே ஏச்சோடு, ரீல்ஸுக்கும் ஷார்ட்ஸுக்கும் குடிபெயர்ந்தார்கள். நாமும் பின்னாலேயே போனோம்.

பையன் வைத்திருப்பவர்கள் அடுத்ததைக் கவனமாகப் படியுங்கள். 2023 செப்டம்பர் 17 அன்று சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில், காஞ்சிபுரம் அருகே, வீலிங் செய்யப்போய் பைக் யூடியூபர் டிடிஎஃப் வாசன் தூக்கி வீசப்பட்டார். கை முறிந்தது, கைதானார், ஓட்டுநர் உரிமம் 10 ஆண்டுகளுக்குப் பறிபோனது. ஜாமீன் கேட்டபோது பைக்கை எரித்துவிடலாம் என்கிற அளவுக்கு உயர் நீதிமன்றம் கண்டித்தது. அவ்வளவுக்குப் பிறகும் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வாசலில் கேமராக்கள் காத்துக்கிடந்தன. நம் பையன்கள் மனதில் பதிவது எது, முறிந்த கையா, காத்திருந்த கேமராவா?

அய்யனார் கோவில் ஆற்றுப் பாதையிலும் செண்பகத்தோப்புப் பாதையிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். ஒரு பையன் முன்சக்கரத்தைத் தூக்குவான், இன்னொருவன் பின்னால் வரும் வண்டியில் உட்கார்ந்து போனில் எடுப்பான். மூன்றாவது பையன் ரோட்டோரம் நடந்து போகிறவரைச் சீண்டுவதற்கென்றே இருப்பான். அவர் ஏசினால்தான் வீடியோ ஓடும். எத்தனை வண்டியில் ஓட்டுகிறவனுக்கு 18 நிறைந்திருக்கும்? வண்டி யார் பெயரில் இருக்கும்? அப்பா பெயரில், சில வீடுகளில் அம்மா பெயரில். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவைத் தெரிந்துகொள்ளுங்கள். 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிகிரி முடித்து வேலைக்குப் போகிற வயதில் பையன் லைசென்ஸ் இல்லாமல் நிற்பான். மில் வேலைக்கு ஷிப்டு மாறி மாறிப் போய், கடன் வாங்கி வண்டி எடுத்துக் கொடுத்தது இதற்கா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. நாலு வயதுக் குழந்தையைப் பாட்டியிடம் எதிர்த்துப் பேசச் சொல்லிக்கொடுத்து, அதை வீடியோ எடுத்துப் போடுகிற வீடுகள் நம் இரண்டு ஊரிலும் இருக்கின்றன. “எப்படி வாயடிக்குது பாருங்க” என்று உறவுக்காரர்கள் ரசிக்கிறார்கள். அந்தப் பாட்டியின் முகத்தை ஒருமுறை உற்றுப் பாருங்கள். சில வீட்டில் அப்பாவும் அம்மாவும் பொய்ச் சண்டை போட்டு, குழந்தை அழுவதைப் படம் பிடிக்கிறார்கள். அந்தக் குழந்தைக்குச் சண்டை பொய் என்று தெரியாது. அழுகை நிஜம். இந்தப் பக்கம் திரும்பி அதே பெற்றோர்தான் யூடியூபர்களைத் திட்டுகிறார்கள்.

பத்தாவதிலும் பிளஸ் 2-விலும் தேர்ச்சி விகிதத்தில் பல ஆண்டுகள் மாநிலத்துக்கே முன்னால் நின்ற மாவட்டம் விருதுநகர். ஒரு மார்க் குறைந்தால் எந்தக் கேள்வியில் போச்சு என்று விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கிறவர்கள் நாம். அந்தக் கவனத்தில் கால்வாசி, பிள்ளை யாரைப் பார்த்து வளர்கிறது என்பதில் இருந்தால் போதும்.

உங்களிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. கண்டிப்பதற்காகக்கூட அந்த வீடியோக்களை அனுப்பாதீர்கள். நிஜமாகவே சட்டத்துக்கு விரோதமானது என்றால் ரிப்போர்ட் செய்யுங்கள், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யுங்கள். மற்றதை ஆர்வமில்லை என்று தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். உங்களுக்கு வருவதும் குறையும். பிள்ளைகளிடம் இந்தப் பணக் கணக்கை விரித்துச் சொல்லுங்கள். ஒழுக்கப் பாடத்தைவிட இது அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். அவன் பேசுவது அவனுடைய கோபமே இல்லை, உன்னை உட்காரவைக்க விரித்த வலை என்று தெரிந்தால், ஏமாறுவதற்கு எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. கூடைப்பந்தில் மாவட்ட அணிக்குப் போன பிள்ளை, பேச்சுப் போட்டியில் ஜெயித்த பிள்ளை என்று யார் போட்டோ வந்தாலும் அதைப் பகிருங்கள். நாலு பேர்தான் பார்ப்பார்கள் என்றாலும் பகிருங்கள், கீழே இரண்டு வரி மனதாரப் பாராட்டி எழுதுங்கள்.

நம் தெருக் குழு, வகுப்புப் பெற்றோர் குழு, உறவின்முறைக் குழு எல்லாவற்றிலும் அட்மின்கள் பெரும்பாலும் பெற்றோர்தான். வம்பு வீடியோ வந்தால் உடனே நீக்குங்கள், போட்டவரைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகச் சொல்லுங்கள். நான் இருக்கும் குழுக்களில் சொன்னேன். அண்ணாச்சி ஒருவர், வயதில் மூத்தவர், முகம் சுளித்துக் குழுவை விட்டே போய்விட்டார். அடுத்த வாரம் அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன், திரும்பச் சேர்ந்திருக்கிறார். உங்கள் குழுவில் நீங்கள் சொல்லுங்கள்.