பெரிய டிரம்முக்குப் பெரிய செலவு வேண்டாம்

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது வீட்டிலேயே பாட்டுப் பதிவு செய்கிறார்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஒரு ஹெட்போன் இருந்தால் போதும், மாடி அறையே ஸ்டுடியோ. குரலும் கித்தாரும் ஓரளவு நன்றாகவே பதிவாகிவிடுகின்றன. அடம்பிடிப்பது ஒன்றுதான்: டிரம்ஸ் செட்டில் தரையோடு படுத்திருக்கும் அந்தப் பெரிய டிரம். காலால் மிதித்து அடிப்பதால் அதற்குக் கிக் டிரம் என்று பெயர். அறையில் இருந்து கேட்டால் நெஞ்சில் வந்து இடிக்கும். பதிவில் கேட்டால் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல் இருக்கும். பிரெஞ்சில் அதை 'க்ரோஸ் கேஸ்' என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் பெரிய பெட்டி. பதிவில் அது பெயருக்கேற்ற பெட்டியாகவே ஆகிவிடுகிறது!

பிள்ளை சோர்ந்துபோவான். அடுத்த நாள் நம்மிடம் வந்து, "இதுக்குன்னே தனி மைக் இருக்கு தாத்தா, விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி" என்பான்.

இந்த இடத்தில்தான் என் கருத்து. அந்த மைக்குக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கஞ்சத்தனத்தால் சொல்லவில்லை. கிக் டிரம்மின் சத்தம் மைக்குக்குப் போய்ச் சேரும் முன்பே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. தோல், கால், அறை இந்த மூன்றும் சரியில்லாமல் எந்த மைக்கை வைத்தாலும், கெட்ட சத்தத்தைத் துல்லியமாகப் பதிவு செய்ததாகத்தான் ஆகும்.

நான் டிரம்ஸ் வாசிப்பவன் அல்ல. வாசிப்பவன் என் பேரன். பதிவு பட்டனை அழுத்துவதும், எந்த முயற்சியில் எதை மாற்றினோம் என்று நோட்டில் குறித்து வைப்பதும் என் வேலை. ஆபீஸ் பழக்கம் போகவில்லை. அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் தோல். இப்போது அது பிளாஸ்டிக் படலம்தான், பேச்சுக்குத் தோல் என்கிறோம். அதைச் சுற்றி 8 அல்லது 10 திருகுகள் இருக்கும். எல்லாவற்றையும் தளர்த்திவிட்டு, முதலில் விரலால் முடிந்தவரை முடுக்க வேண்டும். பிறகு சாவி போட்டு, எதிரெதிர்த் திருகுகளாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருக வேண்டும். தோலில் சுருக்கம் மறைந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் முடுக்கினால் பெரும்பாலும் போதும். ஒவ்வொரு திருகின் அருகிலும் விரலால் தட்டிப் பார்த்து, எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். மிருதங்க வித்துவான் கச்சேரிக்கு முன் கல்லும் கட்டையுமாக உட்கார்ந்து செய்கிற அதே வேலைதான். தொப்பிப் பக்கத்தில் ரவையைப் பிசைந்து அப்புவார்களே, எதற்கு? எடை ஏறினால் சத்தம் கீழே இறங்கிக் கனமாகும். கிக் டிரம்முக்குள் தலையணை வைப்பது வேறொரு காரியத்துக்கு: அடித்தபின் நீளும் அதிர்வை அடக்குவதற்கு. ஆனால் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று தலையணைகளைத் திணித்துவிடுகிறார்கள். சத்தம் செத்துப்போகிறது. மடித்த துண்டு ஒன்று, தோலை லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

இரண்டாவது கால். மிதியோடு சேர்ந்த சிறு சுத்தியல் தோலில் பட்டவுடன் திரும்பி வந்தால் டிரம் மூச்சுவிடும். அப்படியே அழுத்திப் பிடித்தால் சத்தம் குறுகும். இரண்டுமே தப்பில்லை, எது வேண்டும் என்று தெரிந்து செய்ய வேண்டும். சுத்தியலின் தலை கம்பளியானால் மென்மை, மரமானால் 'டிக்' என்ற கூர்மை. காசில்லாமல் கிடைக்கிற பெரிய மாற்றம் இதுதான்.

மூன்றாவது அறை. இந்த டிரம்மின் அடிச்சத்தம் ஏறக்குறைய 60 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். அந்த ஒலியலை ஒன்றின் நீளம் சுமார் 19 அடி. நம் மாடி அறைகளோ பெரும்பாலும் பத்துக்குப் பத்து. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சரியாகப் பாதி அலை போய் மாட்டிக்கொள்கிறது. அதனால் சுவரோரம் அந்தச் சத்தம் பொங்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய காணாமல் போகும். பிள்ளைகள் நடுவில் ஸ்பீக்கருக்கு எதிரே உட்கார்ந்து கேட்டுவிட்டு, 'பேஸ் பத்தவில்லை' என்று ஏற்றிவிடுவார்கள். வேறு வீட்டில் போட்டுக் கேட்டால் ஜன்னல் அதிரும். இன்னும் சிலர் போனில் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்கள். போனின் குட்டி ஸ்பீக்கரால் 60 ஹெர்ட்ஸைக் காட்டவே முடியாது. அதில் கேட்பது சுத்தியலின் 'டிக்' மட்டும்தான். நல்ல ஹெட்போனில் கேட்டு முடிவு செய்வதே நியாயம். சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டுவதும் வீண் வேலை. இவ்வளவு தாழ்ந்த சத்தத்தை அது ஒன்றும் செய்யாது, தீப்பிடிக்கும் ஆபத்துதான் மிச்சம்.

இந்த மூன்றும் சரியானபின், பாடுவதற்கு வைத்திருக்கும் சாதாரண மைக்கே போதும். முன்தோலில் உள்ள ஓட்டை வழியாக உள்ளே நுழைத்து, சுத்தியல் படும் இடத்துக்கு அருகே வைத்தால் 'டிக்' கூடும். ஓட்டையின் வாயிலேயே வைத்தால் 'தும்' கூடும். இரண்டு அங்குலம் நகர்த்தினாலே வேறு சத்தம். அதன்பிறகும் பெட்டிச் சத்தம் இருந்தால் கம்ப்யூட்டரில் 300, 400 ஹெர்ட்ஸ் பக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். கொஞ்சம்தான்.

பெரியவர்கள் செய்ததும் இதுதான். 1966-ல் லண்டனில் பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' இசைத்தட்டைப் பதிவு செய்த ஜெஃப் எமெரிக்குக்கு அப்போது வயது 20. ரிங்கோவின் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை அந்த ஸ்டுடியோவின் விதி அனுமதித்ததைவிட நெருக்கமாகக் கொண்டுபோய் வைத்தார். லெட் ஜெப்பலின் குழு இதற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகை. ஒருகாலத்தில் ஏழைகள் விடுதியாக இருந்தது. அதன் கூடத்தில் ஜான் பான்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படியின் மேலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார் ஆண்டி ஜான்ஸ். 1971-ல் வெளிவந்த அந்த இசைத்தட்டின் கடைசிப் பாட்டை இன்றைக்கும் டிரம்ஸ்காரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். ஒருவருக்குக் கைகொடுத்தது ஸ்வெட்டர், இன்னொருவருக்கு மாடிப்படி.

ஆனால் மைக்கைவிட எனக்குப் பெரிய கவலை வேறு. இப்போது கம்ப்யூட்டரில் ஒரு வசதி இருக்கிறது. பிள்ளை அடித்த அடி ஒவ்வொன்றையும் அது கண்டுபிடித்து, அந்த இடத்தில் எங்கோ விலையுயர்ந்த ஸ்டுடியோவில் யாரோ அடித்துப் பதிவு செய்த சத்தத்தை வைத்துவிடும். ஒரு நிமிஷ வேலை. கேட்கப் பிரமாதமாகவும் இருக்கும். பேரனும் ஒருநாள் அப்படிச் செய்து கேட்கக் கொடுத்தான். அடிகளின் கணக்கு அவனுடையது, சத்தம் அவனுடையது இல்லை. பாட்டின் நடுவில் அவன் தயங்கி மெதுவாக மிதித்த இடம் ஒன்று உண்டு. பாடுகிறவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்ற இடம் அது. மற்ற அடிகளைப் போலவே அதுவும் 'தும்' என்று விழுந்தது. "இதுல நீ எங்கடா இருக்க?" என்று மட்டும் கேட்டேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் தோலைக் கழற்றி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

அந்த வசதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாளைக்குள் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய தொழில்காரருக்கு அது தேவைதான். அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு எலெக்ட்ரானிக் டிரம்ஸே உத்தமம். அதில் பதிவு ஆவது இரவல் சத்தம்தான், என்றாலும் கீழ்வீட்டுக்காரர் நிம்மதியும் ஒரு சங்கீதம்தானே. ஆனால் வீட்டில், யாரும் அவசரப்படுத்தாத இடத்தில், கற்றுக்கொள்ளும் வயதில், இரவல் சத்தம் எதற்கு? தன் டிரம் ஏன் இப்படி ஒலிக்கிறது என்று தேடித் தேடித்தான் பிள்ளையின் காது திறக்கிறது. அந்த ஒரு நிமிஷ வேலை, அந்தத் தேடலையே எடுத்துக்கொண்டுபோய்விடுகிறது.

ஆகவே நண்பர்களே, பேரனோ பேத்தியோ பெரிய மைக்குக்குப் பணம் கேட்டால் உடனே கொடுத்துவிடவும் வேண்டாம், 'சத்தத்தை நிறுத்து' என்று விரட்டவும் வேண்டாம். புதுத் தோல் ஒன்றும் ஒரு சாவியும் வாங்கிக் கொடுங்கள். டிரம்ஸின் அடியில் விரிக்கப் பழைய கனத்த ஜமக்காளம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுங்கள். அதிர்வு தரை வழியே கீழே இறங்குவது கொஞ்சமாவது குறையும். பிறகு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறுங்கள். நம்மிடம் மிச்சமிருப்பது நேரம்தானே. மைக்கை நகர்த்தி நகர்த்திப் பார்க்க, பக்கத்தில் பொறுமையாக உட்கார்ந்து கேட்கிற ஆள் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு நம்மைவிடப் பொருத்தமானவர் யார்?