கலைச்சொல்லுக்குக் கரண்டி பிடிக்கத் தெரியுமா?

தமிழில் கட்டடக் கலைச்சொற்கள் போதவில்லை, ஆக்க வேண்டும் என்று கவலைப்படுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். கருத்தரங்கு போடுகிறார்கள். ஆங்கிலப் பட்டியலை இடது பக்கம் வைத்துக்கொண்டு வலது பக்கத்தை நிரப்புகிறார்கள். நிரப்பட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். பெரிய கோயிலில் தொடங்கி நேற்று கான்கிரீட் போட்ட அடுக்குமாடி வரை கட்டியவர்கள் வாய் பேசாமலா கட்டினார்கள்?

பேசித்தான் கட்டினார்கள். வானம் தோண்டினார்கள். பூமிக்குள் வெட்டுகிற பள்ளத்துக்கு வானம் என்று பெயர் வைத்த கவிஞன் எந்த இலக்கிய வரலாற்றிலும் இல்லை. கடக்கால் போட்டார்கள், சாரம் கட்டினார்கள், தூக்குக்குண்டு விட்டார்கள், ரசமட்டம் வைத்தார்கள், மணியாசுக் கட்டையால் தேய்த்தார்கள். இதெல்லாம் சொல்லாகக் காதில் விழவில்லை என்றால் கோளாறு மொழியில் இல்லை. எது சொல், எது கொச்சை என்று தரம் பிரிக்கிற காதில் இருக்கிறது. அந்தக் காதுக்குச் சாதி உண்டு.

1

நான் வங்கி எழுத்தர். வீட்டுக்கடன் கோப்புகள் என் மேசை வழியாகத்தான் போகின்றன. கடன் தொகையை ஒரேயடியாகத் தரமாட்டார்கள். பிளிந்த் மட்டம், லிண்டல் மட்டம், கூரை என்று கட்டடம் ஏற ஏறத் தவணையாகத் தருவார்கள். எங்கள் கிளைக்கு வந்த ஒரு கொத்தனார், ஊருக்கெல்லாம் வீடு கட்டிவிட்டுத் தனக்கு ஒன்று கட்டத் தொடங்கியவர், ‘பேஸ்மெண்ட் முடிந்துவிட்டது, அடுத்த தவணை தரவும்’ என்று எழுதிக்கொடுத்தார். அதிகாரி திருப்பி அனுப்பினார். “பிளான்ல பேஸ்மெண்ட்டே இல்லையேப்பா, நீ பாட்டுக்குக் கட்டினியா?” ஆங்கிலத்தில் பேஸ்மெண்ட் என்றால் நிலத்தடி அறை. தமிழ்நாட்டில் எந்தக் கட்டட வேலை இடத்திலும் பேஸ்மெண்ட் என்றால் தரைக்கு மேலே எழும்பி நிற்கிற அந்த அடிமேடை. நான் எழுந்துபோய் விளக்கினேன். “சரியா எழுதத் தெரியலேன்னா நாம என்ன பண்ண முடியும்?” என்றார். மூன்று நடை நடந்தார் கொத்தனார். மூன்று நாள் கூலி போச்சு.

அந்த மேடைக்கு எத்தனை பெயர் பாருங்கள். பொறியாளர் பிளிந்த் என்கிறார். கோயிற்கலை எழுதுகிறவர் அதிட்டானம் என்கிறார். அகராதி அடிப்பீடம் என்கிறது. கட்டியவன் பேஸ்மெண்ட் என்கிறான். பொருள் ஒன்றுதான். முதல் மூன்றுக்கும் மரியாதை கிடைக்கிறது, நான்காவதுக்குப் பணம் நிறுத்தப்படுகிறது. இதைத்தான் மொழி அரசியல் என்கிறேன்.

“பேஸ்மெண்ட் ஆங்கிலம்தானே, அதையா தாங்கிப் பிடிக்கிறீர்?” என்று தனித்தமிழ்த் தோழர் கேட்பார். ஜன்னல், சாவி, அலமாரி, ஏன் மேஸ்திரி என்கிற சொல்லே போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததுதான். வேலை செய்கிறவன் வருகிற சொல்லை வாங்கி, தட்டி, தன் வேலைக்கு ஏற்றபடி பொருளை மாற்றி வைத்துக்கொள்கிறான். மொழிபெயர்ப்பு என்றால் அதுதான். 1865இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். அந்த ஓடு இங்கே வந்தபோது குழு கூடவில்லை. சீமை ஓடு என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள், பழையது நாட்டு ஓடாகிவிட்டது. வேலை முடிந்தது.

2

கலைச்சொல் சண்டையின் வரலாற்றையும் கொஞ்சம் பார்ப்போம். 1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் அறிவியல் சொல்லாக்கத்துக்குச் சங்கம் வைத்தார்கள். 1940இல் சென்னை மாகாண அரசு சீனிவாச சாஸ்திரி தலைமையில் குழு அமைத்தது. சமஸ்கிருதமா தமிழா என்று பெரும் மோதல் நடந்தது. தமிழ் பக்கம் நின்றவர்கள் செய்தது தேவையான எதிர்ப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் படித்த மேல்தட்டினர். கொத்தனார் எந்தப் பக்கமும் இல்லை. தட்டான், குயவன், வெட்டியான், செருப்புத் தைப்பவன் எவனும் இல்லை.

இன்னும் சிலர் சிற்ப சாஸ்திரத்தில் சொல் தேடச் சொல்கிறார்கள். தேடுங்கள். மயமதத்தைத் திறந்தால் மண்ணுக்கே வருணம் இருக்கும். வெள்ளை மண் பார்ப்பானுக்கு, சிவப்பு சத்திரியனுக்கு, மஞ்சள் வைசியனுக்கு, கறுப்பு சூத்திரனுக்கு. சண்டாளர் குடியிருப்பு ஊருக்கு வெளியே. சேரியை வெளியே தள்ளிவிட்டு ஊருக்கு வரைபடம் போட்ட கிடங்கிலிருந்து எனக்குச் சொல் வேண்டாம்.

3

டைல்ஸுக்கு வருவோம். அகராதி அதற்கு ‘ஓடு’ என்று எழுதும். தமிழனுக்கு ஓடு தலைக்கு மேலே இருப்பது. ‘ஓடு வாங்கி வா’ என்றால் கடைக்காரர் கூரைக்குத்தான் எடுத்துப் போடுவார். அதனால் வேலைக்காரர் டைல்ஸ் என்றே வைத்துக்கொண்டார். இதில் யாருக்கும் நட்டமில்லை. நட்டம் வருவது வேறு இடத்தில்.

குஜராத்தின் மோர்பியிலிருந்து பெட்டி பெட்டியாக வருகிறது டைல்ஸ். நான் பார்த்த பெட்டிகளில் எல்லாம் ஆங்கிலம். ‘விட்ரிஃபைடு’ என்று போட்டிருக்கும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கண்ணாடியாக்கப்பட்டது’. பாடநூலில் அழகாக இருக்கும், தரை போடுகிறவருக்கு ஒன்றும் சொல்லாது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். சாதாரணச் சுவர் டைல்ஸ் தன் எடையில் பத்து சதவீதத்துக்கும் மேல் தண்ணீர் இழுக்கும். விட்ரிஃபைடு அரை சதவீதத்துக்கு மேல் இழுக்காது. முன்னதை ஊறவைத்துச் சிமெண்ட் பாலில் ஒட்டலாம். பின்னதைச் சிமெண்ட் பிடிக்காது, அதற்கென்று தனிப் பசை வேண்டும். எங்கள் தெருவில் டைல்ஸ் போடுகிற தம்பி இதை எனக்கு இரண்டே வார்த்தையில் சொன்னான். “அண்ணே, இது தண்ணி குடிக்கிற டைல்ஸு, அது குடிக்காத டைல்ஸு.” இதைவிடச் சரியான கலைச்சொல்லை எந்தக் குழு தரும்? ‘தண்ணி குடிக்காது, பசையில் ஒட்டு’ என்று பெட்டிமேல் தமிழில் அச்சடிக்க எவ்வளவு செலவாகும்? அச்சடிக்கவில்லை. ஒரு வருசம் கழித்துத் தட்டினால் டொக்கு டொக்கென்று காலியாகச் சத்தம் வரும், பெயர்ந்து எழும்பும். வீட்டுக்காரர் கம்பெனியைக் கேட்கமாட்டார். ஒட்டியவன் கூலியில் பிடிப்பார்.

கூலி போனால் திரும்பச் சம்பாதிக்கலாம். நுரையீரல்? டைல்ஸைத் தண்ணீர் விடாமல் மிஷினில் அறுத்தால் பறக்கிற தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நெஞ்சில் படிந்து வருகிற சிலிக்கோசிஸுக்கு மருந்து கிடையாது. மோர்பியில் செய்கிறவனுக்கும் அதே தூசி, இங்கே அறுக்கிறவனுக்கும் அதே தூசி. அந்த எச்சரிக்கையை அவன் படிக்கிற மொழியில் எழுதாதது மொழிக்குறை இல்லை, கொலைக்குறை.

டைல்ஸ் போட வருகிறவர்களில் பலர் ராஜஸ்தான், பீகார், உத்தரப்பிரதேசத்துக்காரர்கள். ‘வடக்கன்’ என்று ஏசுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. வேலையிடத்தில் போய் நின்று பாருங்கள். அவன் “மசாலா லாவ்” என்கிறான், நம் சித்தாள் கலவையைக் கொண்டுபோய்க் கொட்டுகிறாள். இரண்டு மொழிக்கும் நடுவே அகராதி இல்லாமல் ஒரு சேரிப் பெண் செய்கிற மொழிபெயர்ப்பு அது. அவளுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தராது.

4

மொழிபெயர்ப்பு வெளிச்சம் மட்டும் போடுவதில்லை, மறைக்கவும் செய்யும். 1993இல் வந்த சட்டம் ‘உலர் கழிப்பிடம்’ கட்டுவதைத் தடை செய்தது. தண்ணீர் அடைப்பு இல்லாத எல்லாக் கழிப்பிடமும் உலர் கழிப்பிடம் என்று விளக்கம் தந்தது. உலர் என்ற சொல்லில் எந்த நாற்றமும் இல்லை. அதை அள்ளிக் கூடையில் சுமந்தவளின் தலையில் வழிந்தது உலர்ந்ததாகவா இருந்தது? 2013இல் வந்த சட்டம் பாதுகாப்பில்லாமல் மலக்குழியில் ஆள் இறங்குவதைத் தடை செய்தது. பத்திரிகைகள் இன்னமும் ‘கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்தபோது’ என்றுதான் எழுதுகின்றன. மேலே பளபளக்கிற பீங்கான் கோப்பைக்குப் பத்து வண்ணம், பத்துப் பெயர். கீழே இருக்கிற குழிக்கு மட்டும் கூச்சம்.

இன்னொன்று. கூலி அறிவிப்புகளில் தொழிலாளரைப் பிரிக்கிற ஆங்கிலச் சொல்லை அப்படியே ‘திறனற்ற தொழிலாளர்’ என்று பெயர்த்து வைத்திருக்கிறார்கள். யார் அந்தத் திறனற்றவர்? பெரும்பாலும் சித்தாள். என் அம்மா இருபது வருசம் சித்தாள். சும்மாடு வைத்துச் செங்கல்லை அடுக்கிக்கொண்டு ஆடுகிற சாரத்தில் ஏறுவார். கலவையில் தண்ணீர் எவ்வளவு என்று கையால் சொல்லுவார். சிமெண்ட் இறுகத் தொடங்குமுன் கலவை கொத்தனார் கைக்குப் போயாக வேண்டும். கடிகாரம் இல்லாமல் அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். இருபது வருசத்தில் ஒருநாள்கூடக் கரண்டியை அவர் கையில் கொடுக்கவில்லை. கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு, திறன் அற்றவர் என்று பெயர் எழுதுகிறார்கள்.

உழைப்பவர் சொல்லெல்லாம் புனிதம் என்று கோயில் கட்ட நான் வரவில்லை. சித்தாள் என்றாலே சிறிய ஆள்தான். ஆண் பெரியாள், பெண் சித்தாள். அந்தச் சொல்லுக்குள்ளும் ஓர் ஆதிக்கம் உட்கார்ந்திருக்கிறது. அதையும் உடைக்கத்தான் வேண்டும். ஆனால் உடைக்கிற சுத்தியல் அவள் கையில் இருக்க வேண்டும்.

5

மாணவத் தோழர்களே, அடுத்த கருத்தரங்குக்குப் போகுமுன் வேலையிடத்துக்குப் போங்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருளுக்கு எந்த ஊரில், எந்தக் கையில் என்ன சொல் என்று கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

தொழிற்சங்கத் தோழர்களே, 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் வந்தது போராட்டத்தால்தான். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் மூன்று வரி சேருங்கள். பெட்டியிலும் மூட்டையிலும் செய்முறையும் எச்சரிக்கையும் தமிழிலும் இந்தியிலும் வேண்டும். கடன் மதிப்பீட்டை வேலைக்காரர் பேசுகிற சொல்லில் தர வேண்டும். ‘திறனற்ற’ என்ற சொல்லை அரசு ஏட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

சொல்லாக்கக் குழுவினருக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் நாலு நாற்காலி கூடுதலாகப் போடுங்கள். ஒன்று கொத்தனாருக்கு, ஒன்று டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு, ஒன்று சூளைக்காரருக்கு, ஒன்று சித்தாளுக்கு. நாலு பேருக்கும் அன்றைய கூலியைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பயணப்படி உண்டல்லவா?