"பால் கெட்டுப்போச்சு" என்று இனி யாரும் சொல்லாதீர்கள்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள், முக்கியமாக அம்மாக்களும் மாமியார்களும், முழுசாகப் படியுங்கள்.

போன வாரம் பால் கொடுக்கும்போது வரும் காம்பு வலியைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். என்னிடம் படித்த ஒரு பையனின் அப்பா போன் செய்தார். "டீச்சர், இதெல்லாம் பொம்பளைங்க வீட்டுக்குள்ள பேசிக்கிற விஷயம். ஃபேஸ்புக்ல எதுக்கு?" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். நானும் மரியாதையாகவே பதில் சொல்கிறேன்.

ஐயா, வீட்டுக்குள் என்ன பேசிக்கொள்கிறோம் தெரியுமா? "உன் பால் கெட்டுப்போச்சு" என்று பேசிக்கொள்கிறோம். அதனால்தான் வெளியே எழுதுகிறேன்.

வில்லியனூர் கொம்யூனில் ஒரு கிராமம். ஊர் பெயர் வேண்டாம். என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த பெண் அங்கே அம்மா வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். சிசேரியன். குழந்தைக்கு 24 நாள். பார்க்கப் போனபோது அலமாரியில் பால்பவுடர் டப்பா இருந்தது.

"ஏம்மா, பால் இல்லையா?" என்று கேட்டேன். அவள் வாய் திறக்கவில்லை. அவள் அம்மாதான் சொன்னார். "பால் கெட்டுப்போச்சு டீச்சர். புள்ள வாயெல்லாம் வெள்ளையா அக்கரம். இவ ஒடம்பு சூடு பால்ல எறங்கிடுச்சு."

அம்மா காபி போட உள்ளே போனதும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புள்ள வாய் வச்சா மிளகா அரைச்சுப் பூசின மாதிரி எரியுது டீச்சர். குடிச்சு முடிச்சும் ஒரு மணி நேரம் எரியுது. புள்ள அழுதாலே எனக்கு பயமா இருக்கு."

24 நாளில் குழந்தையின் வாயை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்கு மருந்தும் வாங்கியிருக்கிறார்கள். அவளிடம் "உனக்கு எங்கேம்மா வலிக்குது" என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கோபம் இதில்தான்.

முதலில் இந்த அக்கரம் என்னவென்று தெரிந்துகொள்வோம். டாக்டர்கள் இதை 'த்ரஷ்' என்பார்கள். கேண்டிடா என்ற பூஞ்சையால் வருவது. ஈஸ்ட் வகை. பேக்கரியில் பன் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்டுக்குத் தூரத்துச் சொந்தம். நம்மில் பலர் உடம்பில் கொஞ்சம் இருக்கும், சும்மா இருக்கும். பச்சைக் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்பதால் அதன் வாயில் பெருகிவிடும். தாயோ பிள்ளையோ ஆன்டிபயாட்டிக் மருந்து எடுத்திருந்தால் இன்னும் சுலபமாகப் பெருகும். சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த மருந்து போடுவது வழக்கம். ஈரமும் கதகதப்பும் உள்ள இடம் அதற்குப் பிடிக்கும். குழந்தையின் வாயும் தாயின் காம்பும் அப்படிப்பட்ட இடங்கள்தானே?

ஆக, பால் கெடவில்லை. சூடு இறங்கவில்லை. கண்ணும் படவில்லை. வாயிலிருந்து காம்புக்கும் காம்பிலிருந்து வாய்க்கும் ஒரு பூஞ்சை போய்வருகிறது. பிள்ளைக்கு மட்டும் மருந்து விட்டால் வாய் சரியாகி, அடுத்த வாரம் அம்மாவிடமிருந்து திரும்ப வரும். அப்போது "பார்த்தியா, அவ பால்தான் காரணம்" என்போம். அரைகுறையாக வைத்தியம் பார்த்தது நாம். பழி அவளுக்கு.

அடுத்தது கைவைத்தியம். வெங்காரத்தைப் பொரித்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவது நம் பக்கத்துப் பழக்கம். என் பாட்டியும் செய்தவர்தான். பாட்டியை மதிக்கிறேன். ஆனால் வெங்காரம் என்பது போராக்ஸ். 1983இல் பிரிட்டனின் குழந்தை மருத்துவ இதழ் ஒன்றில் 7 குழந்தைகளைப் பற்றிய அறிக்கை வந்தது. தேனும் போராக்ஸும் கலந்ததைச் சூப்பானில் தொட்டுக் கொடுத்துவந்ததில் அந்தப் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்தது. நிறுத்தியதும் வலிப்பும் நின்றது. வெறும் தேனும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைப்பவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் மெடிக்கல் ஷாப். "எரியுது, ஒரு க்ரீம் கொடுங்க" என்றால் கையில் கிடைத்ததைக் கொடுத்துவிடுகிறார்கள். இந்தப் பெண்ணுக்குக் கொடுத்த ட்யூபை வாங்கிப் படித்தேன். ஸ்டீராய்டு கலந்தது. அது எரிச்சலை நாலு நாள் அமுக்கும், பூஞ்சையை வளர்த்துவிடும். 2018இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணை போட்டது. ஆணை இருக்கிறது. களிம்பும் கேட்டதும் கிடைக்கிறது.

பால்பவுடர் டப்பாவுக்கு வருகிறேன். கூலி வேலைக்குப் போகிற வீடு அது. டப்பா சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு வயிறு நிறையும், ஊட்டம் சேராது. ஜிப்மரில் 'அமுதம்' என்ற பெயரில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக மற்ற தாய்மார்கள் பாலைத் தானமாகக் கொடுக்கிறார்கள். அங்கே அவ்வளவு மதிப்பாகச் சேர்த்து வைக்கும் பாலை, இங்கே ஒரு பூஞ்சைக்காகக் கெட்டது என்று ஒதுக்குகிறோம். அக்கரம் வந்தாலும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை.

மறுநாள் அந்தப் பெண்ணை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா பிள்ளையின் வாயைப் பார்த்தார். திரை போட்டு அவளையும் பார்த்தார். பிள்ளைக்கு வாயில் தடவ மருந்து, அவளுக்குக் காம்பில் தடவப் பூஞ்சைக் களிம்பு. இரண்டையும் ஒரே நாளில் ஆரம்பிக்கச் சொன்னார். பத்து நாளில் வலி இல்லை. டப்பா அலமாரியிலேயே கிடக்கிறது.

எல்லாம் தெரிந்தவள் போல எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். 1987இல் என் மூத்த மகள் பிறந்தாள். மூன்றாவது வாரம் இதே எரிச்சல், இதே வெள்ளை. பிள்ளைக்கு மட்டும் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மூன்று தடவை திரும்ப வந்தது. இரண்டாம் மாதம் பாலை நிறுத்திவிட்டேன். என் பால் ஆகாத பால் என்று பல வருடம் நம்பினேன். அதைவிட மோசம், என் கூட வேலை பார்த்த இளம் டீச்சர் ஒருத்தி இதே வலியோடு வந்தபோது, "நிறுத்திடும்மா, சில பேருக்குப் பால் ஒத்துக்காது" என்று சொன்னவளும் நானே. பயிற்சிப் பள்ளியில் படித்து, பிள்ளைகளுக்குச் சுகாதாரப் பாடம் நடத்திய நான்! அன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

குறித்துக்கொள்ளுங்கள்:

1. பால் படிவு பெரும்பாலும் நாக்கில் மட்டும் இருக்கும், ஈரத்துணியால் மெதுவாக ஒற்றினால் வந்துவிடும். அக்கரம் கன்னத்தின் உள்பக்கம், ஈறு, உதட்டிலும் இருக்கும். ஒற்றினால் வராது. விரலை விட்டு வழிக்காதீர்கள், ரத்தம் வரும்.

2. வலியெல்லாம் அக்கரம் ஆகாது. பிள்ளை காம்பை மட்டும் கவ்வினாலும் வலிக்கும், வெடிக்கும். அதுதான் அதிகம். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து வாய்க்குள் போகிறதா என்று செவிலியரைப் பார்க்கச் சொல்லுங்கள். வலியில்லாமல் கொடுத்துவந்தவளுக்குத் திடீரென்று இரண்டு பக்கமும் எரிந்து, கொடுத்து முடித்த பிறகும் எரிந்தால் அக்கரமா என்று கேளுங்கள்.

3. காய்ச்சலோடு மார்பு சிவந்து கட்டினால் அது வேறு. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

4. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில் மருந்து. டாக்டர் சொன்ன நாள் வரை. சங்கு, பாலாடை, சூப்பான் எல்லாம் தினமும் கொதிநீரில் போடுங்கள். பால் கொடுக்கும் முன்னும் பின்னும், துணி மாற்றிய பின்னும் கை கழுவுங்கள்.

ஆஷா சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரிப் பிரசவமானால் 42 நாளுக்குள் 6 முறை வீட்டுக்கு வருகிறீர்கள். வெயிலில் நடந்து வருகிறீர்கள், தெரியும். பால் கொடுப்பதில் சிரமம் உண்டா என்று கேட்பதும் உங்கள் வேலையில் சேர்ந்ததுதான். அதைத் திண்ணையில், மாமனார் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால் எந்தப் பெண் சொல்லுவாள்? உள்ளே அழைத்துப் போய், கதவைச் சாத்திக் கேளுங்கள். வில்லியனூரோ பாகூரோ, எந்த ஊரானாலும் சரி.

போன் செய்த பெரியவருக்கு: உங்கள் மருமகளுக்கு இது ஏழாம் மாதம் என்று சொன்னீர்கள். இந்தப் பதிவை உங்கள் வீட்டம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். பிறகு திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

தேவைப்படும் வீட்டுக்கு அனுப்பி வையுங்கள்.