கட்டு இறங்கும் லேண்ட்மாஸ்டர்

தம்பலகாமம், கந்தளாய், மூதூர் எங்கும் வயல் மட்டமாகத்தான் கிடக்கிறது. ஆனாலும் என் கராஜுக்கு வருகிற நசுங்கிய மட்கார்டும் வளைந்த ஹேண்டிலும் பெரும்பாலும் சரிவில் பட்ட அடிதான். வயலிலிருந்து வாய்க்கால் கட்டுக்கு ஏறுகிற ஏழெட்டு அடி, குளக்கட்டிலிருந்து றோட்டுக்கு இறங்குகிற வளைவு, அவ்வளவுதான் சரிவு. கண் மூடித் திறப்பதற்குள் கடந்துவிடலாம் என்பதால் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

லேண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு டிராக்டருக்கு ஸ்டியரிங் வீல் கிடையாது. மட்டத்தில் இடது கைப்பிடிக்குக் கீழுள்ள கிளட்சைப் பிடித்தால் இடது சில்லுக்கு எஞ்சின் இழுவை நின்றுவிடும். வலது சில்லு முந்தும், மெசின் இடப்பக்கம் திரும்பும். நெல் மூடையோடு கட்டு இறங்கும்போது கதை தலைகீழ். பின்னால் கொழுவிய இழுவைப் பெட்டி தள்ளுகிறது, எஞ்சின் அதைப் பிடித்துவைத்திருக்கிறது. அந்த நேரம் இடது கிளட்சைப் பிடித்தால் அந்தச் சில்லு பிடி விட்டு உருண்டு முந்த, மெசின் வலப்பக்கம் பாயும். வலப்பக்கம் வாய்க்கால் என்றால் வாய்க்காலுக்குள்தான். பழகிய ஆள் இறக்கம் தொடங்குமுன்பே கீழ் கியரைப் போட்டுவிடுவார். கிளட்சைத் தொடவேண்டி வந்தால் எதிர்ப்பக்கத்தைப் பிடிப்பார். அறுவடை அவசரத்தில் கூலிக்கு ஏறுகிற பெடியனுக்கு இதை யார் சொல்லிக்கொடுத்தது? மெசின் புரண்டதும் 'சாரதியின் கவனயீனம்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவன் கவனமாகத்தான் பிடித்தான், மட்டத்தில் பழகிய பக்கத்தை.

நாலு சில்லுப் பெரிய மெசினில் வேறு வில்லங்கம். சேற்றில் புதைந்த பெட்டியைக் கட்டுக்கு இழுக்க, சங்கிலியை டாப் லிங்க் இடத்தில் கொழுவுகிறார்கள். முன் சில்லு தூக்கினால் ஒன்றரை செக்கனில் மல்லாக்கப் புரண்டுவிடும், குதிக்க நேரமே இல்லை. கொழுவவேண்டிய இடம் கீழே உள்ள ட்ரோபார். பின் சில்லுகளின் டிஸ்க்கைத் திருப்பிப் பூட்டி அகலம் கூட்டினாலும், டயருக்குள் தண்ணீர் நிரப்பினாலும் மெசின் பக்கவாட்டில் சாய்வது குறையும்.

சுவீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களுக்குச் சாரதியைக் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயம். அதன் பிறகு அங்கே டிராக்டர் புரண்டு சாகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். இங்கே சட்டகத்தோடு வந்த மெசினைக் கொண்டுவந்து, மரக்கொப்பில் முட்டுகிறது, கழற்றித் தா என்கிறவர்கள் உண்டு. நான் கழற்றுவதில்லை. தண்ணீர்க் குழாயை வளைத்துச் சட்டகமாக ஒட்டித் தரச் சொன்னாலும் செய்வதில்லை. அது மெசினோடு சேர்ந்து மடங்கும், ஆள் நம்பி உட்கார்ந்திருப்பான்.

கட்டின் பலத்தைப் பற்றி இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1986 ஏப்ரல் 20 அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். கட்டின் மேல் பாரவாகனங்கள் ஓடியதும் காரணங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. மெசின் கட்டுக்கு என்ன செய்யும் என்று அன்றிலிருந்து பேசுகிறோம். கட்டு மெசினுக்கு என்ன செய்யும் என்று பேசுவதில்லை.

பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புத் திகதி, மாடு கட்டுவது எல்லாம் முடிவாகிறது. கட்டில் மெசின் ஏறி இறங்கும் இடங்களையும் அங்கேயே ஒவ்வொன்றாக எழுதிக்கொள்ளட்டும். எது செங்குத்து, எது வாய்க்கால் ஓரம், எது மாரியில் வழுக்கும் என்று கமக்காரர் அமைப்புக்குத் தெரியும். பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம், சின்னக் குளமென்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், சரிவை நீட்டிப் போட்டு கிரவல் கொட்டட்டும். நெடுஞ்சாலைக் காசு இதற்குத் தேவையில்லை. இன்னொன்று, லேண்ட்மாஸ்டருக்கான ஜி1 லைசன்ஸ் கேட்டு வருகிறவனை, பாரம் ஏற்றிய பெட்டியோடு ஒரு கட்டிலிருந்து இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். எந்தக் கிளட்சைப் பிடிக்கிறான் என்று பார்த்துவிட்டு லைசன்ஸ் கொடுக்கலாம்.